சம்பந்தி வீட்டைப் படமெடுக்க ஓர் எக்ஸ்ரேக்காரர்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தியம்மாவும் முழங்கால் வலி இல்லாமல், நல்ல தூக்கத்தோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் என் மனைவியும் சௌக்கியம். உங்கள் மகனும் என் மகளும் அடுத்த தெருவில் சௌக்கியம். இருவரும் வேலை வேலை என்று ஓடுவதால் அவர்கள் சௌக்கியத்தை ஞாயிற்றுக்கிழமைகளில்தான் நேரில் பார்க்க முடிகிறது. போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று யோசிப்பீர்கள். போனில் பேசினால் நடுவில் நீங்களும் பேசுவீர்கள். கடிதத்தில் அந்தத் தொந்தரவு கிடையாது, கடைசிவரை நான் மட்டும்தான். நிதானமாக உட்கார்ந்து படியுங்கள். பாதியில் கோபம் வந்தால் எழுந்து மாடிக்கும் வாசலுக்கும் ஒரு நடை போய்விட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வீட்டின் உட்புறத்தை மாற்றி அமைக்கும் வேலையை வெளி ஆளிடம் கொடுக்கப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டபோது முதலில் நான் நம்பவில்லை. அந்த வேலையையே தொழிலாகச் செய்கிற மருமகளை வைத்துக்கொண்டு யாராவது வெளியே போவார்களா என்று நினைத்தேன். உங்களையே கேட்டேன். "சொந்தத்துல வேலையைக் குடுத்தா நாளைக்கு ஒரு குறைன்னா வாயைத் திறக்க முடியாதுங்க சம்பந்தி. வெளி ஆளுன்னா நாலு வார்த்தை கேக்கலாம்" என்றீர்கள். அன்றைக்குப் போனிலேயே உங்களை நாலு வார்த்தை கேட்டுவிட்டேன். யோசித்துப் பார்த்தால் நியாயமான காரணம்தான், அதுதான் எனக்கு எரிச்சல். மகளிடம் சொன்னேன். "மாமா இஷ்டம்ப்பா" என்று சொல்லிவிட்டுக் கழுவி வைத்த டம்ளரை எடுத்து மறுபடி கழுவ ஆரம்பித்தாள். நான் பெற்ற பெண்ணை எனக்குத் தெரியாதா? ஊரார் வீட்டையெல்லாம் அவள் பார்த்துப் பார்த்துச் செய்கிறாள். புகுந்த வீட்டைத் தன் கையால் செய்ய வேண்டும் என்ற ஆசை அவளுக்குள் இருக்கிறது. அதை அவள் வாய்விட்டுக் கேட்க மாட்டாள், ஆகவே நான் கேட்கிறேன். அந்த வீட்டை அவளிடம் கொடுங்கள்.

நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் நபரின் இணையப் பக்கத்தை நானும் பார்த்தேன். பெயர் எதற்கு, எல்லாப் படத்திலும் தொப்பியோடு நிற்பதால் தொப்பிக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். வீட்டுக்குள்ளே அவர்மேல் எந்த வெயில் அடிக்கிறதோ தெரியவில்லை. படங்கள் அழகாக இருக்கின்றன, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் படம் பார்த்தே பிழைத்தவன் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது. போனில் அகல லென்ஸ் என்று ஒன்று இருக்கிறது, அதை வைத்து எடுத்தால் தீப்பெட்டி மாதிரி அறைகூட மைதானமாகத் தெரியும். அவர் போட்டிருக்கும் படுக்கையறைப் படத்தில் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே லாரியைத் திருப்பலாம்; நேரில் போனால் நீங்கள் அங்கே பக்கவாட்டில்தான் நடக்க வேண்டியிருக்கும் என்று எழுதியே தருகிறேன். ஓரத்தில் இருக்கும் தலையணையைப் பாருங்கள், நடுவில் இருப்பதைவிட நீளமாக இழுபட்டிருக்கும். அப்புறம் அந்தத் தொட்டிச் செடி. சமையலறையிலும் அதே செடி, குளியலறையிலும் அதே செடி, யாரோ ஒருவருடைய அலுவலகத்திலும் அதே செடி. எல்லாப் படத்திலும் ஒரே இலை ஒரே இடத்தில் மடங்கியிருக்கிறது. செடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாய் அலைகிற மனிதருக்கு உங்கள் வீட்டைக் கவனிக்க நேரம் எங்கே இருக்கப்போகிறது?

இவ்வளவு நுணுக்கமாகப் பேசுகிறேனே, எப்படி என்று கேட்பீர்கள். சில மாதங்களாக என் மகளின் தொழிலுக்குப் படம் எடுப்பவன் நான்தான். இதை உங்களிடம் இதுவரை சொல்லாததற்குத் தன்னடக்கம்தான் காரணம். அவள் எடுத்த படங்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வேலை அத்தனை சுத்தமாக இருக்கும், படத்தில் மட்டும் சுவர்கள் எல்லாம் பின்னால் சாய்ந்து நிற்கும். அலமாரிக் கண்ணாடியில் அவளுடைய முழங்கை தெரியும். லென்ஸில் விரல் ரேகை படிந்து, விளக்குகள் எல்லாம் மூடுபனியில் எரிவதுபோல இருக்கும். ஒருநாள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளிடம், "போனை இப்படிக் குடு" என்றேன். "உங்களுக்கு இன்டீரியர் எடுக்கத் தெரியுமாப்பா?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பணி ஓய்வு பெறும்வரை ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் நின்றவனிடம் கேட்கிற கேள்வியா இது? வெளியே தெரிவதை எல்லாரும் எடுப்பார்கள். உள்ளே இருப்பதை எடுத்தே ஆயுளைக் கழித்தவன் நான் ஒருவன்தான் இந்தக் குடும்பத்தில்.

முதல் வேலை ஒரு சமையலறை. எக்ஸ்ரேயில் ஒரு பழக்கம் உண்டு சம்பந்தி, படம் எடுக்கும் முன் உடம்பில் இருக்கிற உலோகம் எல்லாவற்றையும் கழற்றச் சொல்லிவிடுவோம். சமையலறைக்குள் போனதும் என் கண்ணில் பட்டது அலமாரிக் கதவுகளில் பளபளவென்று மின்னிய கைப்பிடிகள்தான். ஒவ்வொன்றிலும் ஜன்னல் வெளிச்சம் பட்டுக் கண்ணைக் குத்தியது. அங்கே கடைசித் திருகுகளை முடுக்கிக்கொண்டிருந்த தச்சரிடம், எல்லாவற்றையும் கழற்றுங்கள் என்றேன். மனிதர் திருப்புளியைப் பிடித்தபடி என்னையே பார்த்தார். "சார், கைப்பிடி இல்லாம அலமாரிய எப்படி சார் திறக்கிறது?" "படத்துல யாரு திறக்கப் போறாங்க?" "படம் பாக்கிறவங்க கேப்பாங்களே சார்." "கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்." முணுமுணுத்துக்கொண்டே கழற்றினார். நான் முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று முறைப்படி எடுத்தேன். சமையலறை வழுவழுவென்று அப்படி விழுந்திருந்தது. படம் வெளியானதும் என்ன நடந்தது தெரியுமா? கைப்பிடியே இல்லாத அலமாரி எங்களுக்கும் வேண்டும் என்று ஆட்கள் கேட்டு வர ஆரம்பித்துவிட்டார்கள். அப்படிச் செய்வதற்குத் தனி முறை இருக்கிறதாம், மகள் வரைந்து கொடுத்தாள், தச்சர் செய்து கொடுத்தார். அதற்காக யாராவது எனக்கு ஒரு நன்றி சொன்னார்களா? இல்லை. கழற்றிய கைப்பிடிகளில் ஒன்றைக் காணவில்லை என்று தச்சர் என் சட்டைப் பையைத் தடவிப் பார்த்ததுதான் மிச்சம். அது அங்கேதான் இருந்தது, அது வேறு விஷயம்.

அடுத்தது வக்கீலம்மா வீடு. நீதிமன்றத்தில் அவர் பேச ஆரம்பித்தால் எதிர்த்தரப்பு தண்ணீர் கேட்குமாம். புது வீட்டின் வரவேற்பறையை மகள்தான் செய்து கொடுத்திருந்தாள், அவள் செய்ததிலேயே அதுதான் சிறந்தது என்பது என் அபிப்பிராயம். வக்கீலம்மா சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். இங்கே என்னுடைய முறையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எக்ஸ்ரே எடுக்கிறவன் பொத்தானை அழுத்தும்போது நோயாளியோடு நிற்க மாட்டான், சுவருக்குப் பின்னால் போய்விடுவான். ஆகவே போனை ஒரு ஸ்டூலில் நிமிர்த்தி வைத்து, மட்டம் பார்த்து, டைமரை அழுத்திவிட்டு நான் அறையை விட்டு வெளியே போய்விடுவேன். மகள் முதல் தடவை இதைப் பார்த்துவிட்டு, "அப்பா, இது போன்ப்பா. இதுல கதிர் ஒண்ணும் வராது, ஏன் ஓடறீங்க?" என்றாள். "தெரியும்மா, கால் கேக்க மாட்டேங்குது" என்றேன். ஆனால் இதில் உள்ள அனுகூலத்தைப் பாருங்கள். கண்ணாடியில் என் முழங்கை தெரியாது, டிவி திரையில் என் வழுக்கை தெரியாது. வீட்டுக்குள் ஆளே இல்லாமல் வீடு தன்னைத் தானே எடுத்துக்கொண்டதுபோல இருக்கும். அன்று போனைச் சில நிமிடத்துக்கு ஒரு படமாக எடுத்துக்கொண்டே இருக்கும்படி வைத்துவிட்டு, வழக்கப்படி வெளியே வந்தேன். வரவேற்பறைக்கு வெளியே என்றால் வாசல்தான். கதவு எனக்குப் பின்னால் நல்ல பிள்ளையாகச் சாத்திக்கொண்டது. தானே பூட்டிக்கொள்ளும் பூட்டு. அதுவும் என் மகள் தேர்ந்தெடுத்ததுதான். சாவி உள்ளே, போன் உள்ளே, மூக்குக்கண்ணாடி உள்ளே, செருப்பும் உள்ளே. நான் மட்டும் தோளில் தூசு துடைக்கிற துணியோடு வெளியே.

மாடிப்படியில் உட்கார்ந்தேன். போவோர் வருவோர் எல்லாம் ஒரு மாதிரி பார்த்தார்கள். ஒருவர் நின்று, "பிளம்பரா? எங்க வீட்டுலயும் ஒரு குழாய் ஒழுகுது" என்றார். இல்லை, நான் படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். கையில் ஒன்றும் இல்லாமல் படியில் உட்கார்ந்துகொண்டு படம் எடுப்பதாகச் சொல்கிறவனை நம்ப அவருக்கு மனம் வரவில்லை, கீழே போய்க் காவல்காரரைக் கூட்டிவந்துவிட்டார். இருவரும் எனக்கு மேலே ஒருவர் கீழே ஒருவராக நின்றுகொண்டார்கள். சாயங்காலம் வக்கீலம்மா கறுப்புக் கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். அங்கேயே விசாரணை ஆரம்பமாகிவிட்டது. "நீங்க எதுக்கு சார் வெளிய வந்தீங்க?" "படம் எடுக்க." "படம் எங்க எடுக்குது?" "உள்ளே." "அப்ப நீங்க?" "வெளியே." அவர் கோட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "நான் எத்தனையோ சாட்சிய விசாரிச்சிருக்கேன். உண்மையைச் சொல்லியே மாட்டிக்கிறவரை இப்பத்தான் பாக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தார். உள்ளே போய்ப் பார்த்தால், போன் பாவம், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அதுபாட்டுக்கு எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. காலையிலிருந்து வெயில் சோபாவில் ஏறி, சுவரில் தவழ்ந்து, புத்தக அலமாரிக்குப் போய்ச் சேர்ந்தவரை எல்லாம் அதில் இருந்தது. கடைசிப் படங்களில் சாய்ந்த வெளிச்சம் பட்டு அந்த அறை இருந்த அழகை என்னால் எழுத முடியாது. எந்த நேரத்து வெளிச்சத்தில் எடுக்க வேண்டும் என்று கற்றுக்கொள்ளப் பலர் எங்கெங்கோ போகிறார்கள். நான் பூட்டிக்கொண்ட கதவுக்கு வெளியே உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். வக்கீலம்மாவே அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "இது என் வீடுதானா?" என்றார்.

இதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. படத்துக்குக் கீழே எழுதுவதில்தான் குடும்பத்துக்குள் கருத்து வேறுபாடு வந்தது. ஆஸ்பத்திரியில் படம் எடுப்பவன் நான், அதைப் பார்த்து அறிக்கை எழுதுபவர் டாக்டர். எனக்கும் எல்லாம் தெரியும். எந்த எலும்பு எங்கே விலகியிருக்கிறது என்று படம் ஈரம் காயும் முன்பே சொல்லிவிடுவேன். ஆனாலும் ஒரு வரி எழுத உரிமை கிடையாது. அந்தக் குறை மனதுக்குள்ளேயே இருந்தது. மகள் தன்னுடைய இணையப் பக்கத்தில் படங்களை ஏற்றும் வேலையையும் என்னிடம் விட்டபோது, படத்துக்குக் கீழே காலியாக ஒரு கட்டம் இருந்தது. நான் எழுதினேன். "வரவேற்பறை, முன்பக்கத் தோற்றம். சோபா, விளக்குகள் சாதாரண நிலையில் உள்ளன. ஃபால்ஸ் சீலிங்கின் இடது மூலையில் மயிரிழை விரிசல் ஒன்று தெரிகிறது. டிவி அலமாரியின் கீழ் மூட்டு சற்றே விலகியுள்ளது. பயப்படத் தேவையில்லை. ஆறு மாதம் கழித்து மீண்டும் பார்க்கவும்." திரையில் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது சம்பந்தி. எழுத்தில் என்ன ஒரு நிதானம்.

மறுநாள் காலை முதலில் வந்தவர் தச்சர். "சார், என் வேலைக்கு எலும்பு முறிஞ்ச மாதிரி எழுதிட்டீங்களே. இதைப் படிச்சா நாளைக்கு யாரு சார் என்னைக் கூப்பிடுவாங்க?" என்று வாசலிலேயே நின்றார். பிறகு நேராக வக்கீலம்மா வீட்டுக்குப் போய் அந்த மூட்டைக் கழற்றி, இழைத்து, ஒரு காகிதம்கூட நுழையாதபடி சேர்த்துவிட்டுத் திரும்பி வந்து, குணமாகிவிட்டது என்று எழுதச் சொன்னார். நேரில் போய்ப் பார்த்து, மூட்டு சேர்ந்துவிட்டது என்று எழுதினேன். என் மனைவி ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்: "ஏங்க, அந்த டாக்டருங்க உங்களை எழுத விடாம வச்சிருந்தது எவ்வளவு புண்ணியம்னு எனக்கு இப்பத்தான் தெரியுது." மகள் போனை வாங்கினாள். எல்லாவற்றையும் அழித்தாள். கடைசியாக, "விளம்பரம்னா என்னன்னு உங்களுக்குத் தெரியுமாப்பா?" என்று மட்டும் கேட்டாள். குரலை உயர்த்தாமல் கேட்டாள், அதுதான் கஷ்டமாக இருந்தது. ஆனால் அவள் அழிப்பதற்குள் படித்தவர்கள் படித்துவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து யாரோ போன் செய்து, குறை சொல்கிற அந்தப் பெரியவர் எங்கள் வீட்டுக்கும் வந்து பார்ப்பாரா என்று கேட்டார்களாம். தன் வேலையில் தானே குறை சொல்கிறவர்கள் ஏமாற்ற மாட்டார்கள் என்று அவர்களுக்கு எண்ணம். இது எப்படி இருக்கிறது?

இப்போது புரிகிறதா, நான் எதற்கு இத்தனையும் எழுதினேன் என்று? உங்கள் காரணம் என்ன? சொந்தத்தில் கொடுத்தால் குறை சொல்ல முடியாது. ஐயா, நீங்கள் எதற்குக் குறை சொல்ல வேண்டும்? அதற்குத்தான் நான் இருக்கிறேன். வேலை முடிந்ததும் போனை எடுத்துக்கொண்டு வந்து, அறை அறையாக, முன்பக்கம் பக்கவாட்டு என்று எடுத்து, ஒரு விரிசல் விடாமல் எழுதிக் கையில் கொடுத்துவிடுகிறேன். பெற்ற தகப்பனே சொல்லும்போது அவளும் கோபித்துக்கொள்ள முடியாது, உங்கள் வாய்க்கும் வேலை இல்லை. தச்சர் ஓடி வந்து சரி செய்துவிட்டுப் போவார், அவர் இப்போது என் பெயரைக் கேட்டாலே இழைப்புளியை எடுத்துவிடுகிறார். தொப்பிக்காரர் அவருடைய செடியோடு வேறு எங்காவது போகட்டும். மருமகள் செய்த வீட்டில் நீங்கள் இருவரும் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நான் படம் எடுக்க வேண்டும். இதைத் தவிர எனக்கு இப்போது வேறு ஆசை இல்லை.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தையும் என் மனைவியின் அன்பையும் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் எல்லாரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் நிறைவாக இருக்க வேண்டும், சுவர்கள் உட்பட.

தங்கள் நல்ல பதிலை எதிர்பார்க்கும்,
சம்பந்தி

பி.கு.: கடிதத்தை உறையில் போடுவதற்குள் மகள் வந்துவிட்டாள். மேசையில் கிடந்ததை எடுத்து, நின்றபடியே கடைசிவரை படித்தாள். பிறகு உட்கார்ந்தாள். "அப்பா, மாமா முதல்ல என்கிட்டத்தான் கேட்டார். நான்தான் வேண்டாம்னேன்" என்றாள். அப்படியானால் சம்பந்தி சொன்ன காரணம் என்ன ஆச்சு என்றேன். "அது நான் சொல்லச் சொன்ன காரணம்." ஏன் என்று கேட்டேன். "நான் செஞ்சா நீங்க படம் எடுக்க வருவீங்க. எடுத்துட்டு எழுதுவீங்க. எங்க அத்தை வீட்ல என்னென்ன கோணலா இருக்குன்னு ஊரே படிக்கும். வர வேண்டாம்னு உங்ககிட்டச் சொல்ல எனக்கு மனசு வரல. நீங்க அந்தப் போனைத் துடைச்சுத் துடைச்சு வைக்கிறதைப் பாத்துட்டு எப்படிப்பா சொல்றது? அதான் அந்த வீடே வேண்டாம்னுட்டேன்."

என் பெண்ணின் ஆசைக்குக் குறுக்கே நின்றது நீங்கள் என்று நினைத்து மேலே இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன். நின்றது நான். நீங்கள் அவளுக்காகப் பழியை உங்கள் தலையில் போட்டுக்கொண்டு, போனில் என் பேச்சையும் வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கிறீர்கள். இந்த மனிதரையா நாலு வார்த்தை கேட்டோம் என்று வெட்கமாக இருக்கிறது. கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் எழுத்து நன்றாக அமைந்துவிட்டதால் மனம் வரவில்லை. அப்படியே அனுப்புகிறேன். மேலே உங்களைக் குறை சொன்ன இடங்களில் எல்லாம் என்னைச் சொன்னதாக மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுக்கு நான் போன் இல்லாமல் வெறுங்கையோடு வருவேன். உள்ளே எதைப் பார்த்தாலும் அழகாக இருக்கிறது என்பதைத் தவிர ஒரு வார்த்தை பேச மாட்டேன், விரிசலில் கை நுழைந்தாலும் சரி. இதை எழுதி அவளிடமே படிக்கக் கொடுத்தேன். "நிஜமாவாப்பா?" என்றாள். நிஜம்தான் என்றேன். பிறகு என் பேனாவை வாங்கிக்கொண்டு ஏதோ எழுத வந்தவள், எழுதாமல் என்னிடமே சொல்லிவிட்டாள். அடுப்புக்கு முன்னால் சம்பந்தியம்மா நிற்கும்போது அவர் முழங்கை தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் வருகிறது என்று நீங்கள் அளந்து எழுத வேண்டுமாம், சமையல் மேடையை அதற்கு ஏற்றபடி வைத்தால்தான் அவருக்கு முதுகு வலிக்காதாம். கடிதம் கிடைத்த அன்றே அளந்து அனுப்புங்கள். அளவு மட்டும் போதும், படம் வேண்டாம் என்கிறாள்.